ஆடுவதற்கு அடித்த தட்டு

1984-இல் பிரிட்டனில் பாட்டு வாங்க இசைக்கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. சின்ன ஊர்க் கடைவீதியிலும் ஒரு வுல்வொர்த்ஸ் இருக்கும். ஒரு பக்கம் எடை போட்டுத் தரும் மிட்டாய், இன்னொரு பக்கம் பல்பும் பெயின்ட் டப்பாவும், இடையில் அந்த வாரத்து ‘டாப் 40’ சிங்கிள்கள், வரிசை எண் ஒட்டிய அடுக்குகளில். ஏழு அங்குலத் தட்டு ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். பன்னிரண்டு அங்குலம் என்றால் இரண்டு, மூன்று பவுண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்காசுக்கு எட்டுகிற விலைதான். வாங்கிய பாட்டு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஞாயிறு மாலை பிபிசி ரேடியோ 1 முன்னால் உட்காருவார்கள். வாங்கக் காசில்லாதவர்கள் அந்த நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிந்துகொள்வார்கள்.

நம் ஊரில் 45 சுற்றுத் தட்டு என்றால் படப்பாட்டு நான்கைத் தாங்கிய ஈ.பி.தான் நினைவுக்கு வரும். அங்கே சிங்கிள் என்பது ஒரே பாட்டு. பின்பக்கத்தில் ஒப்புக்கு இன்னொன்று. பட்டியலில் ஏறும், சில வாரம் நிற்கும், இறங்கும். இறங்கிய மறுகணம் மிச்சப் பிரதிகள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மலிவுப் பெட்டிக்குப் போய்விடும். ஜூக்பாக்ஸில் ஓடித் தேய்ந்த தட்டுகளும், நடுவட்டம் பிடுங்கிய பெரிய ஓட்டையோடு, அங்கேதான் வந்து சேரும். யாரும் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பார்ட்டிக்கு எடுத்துப் போனார்கள், மாறிப்போகாமல் இருக்க உறையில் பேனாவால் பெயர் எழுதினார்கள், அதன் மேலேயே கோப்பையையும் வைத்தார்கள்.

பாப் சிங்கிளில் பெரியதான பன்னிரண்டு அங்குலத் தட்டு, யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடித்ததல்ல. எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் நடனக்கூடங்களுக்காகப் பாட்டுகளை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆடுகிறவர்களுக்குச் சூடு பிடிக்கும் நேரத்தில் மூன்று நிமிடப் பாட்டு முடிந்து தொலைகிறதே என்பது அவருடைய குறை. ஒருநாள் மாதிரித் தட்டு வெட்டப் போன இடத்தில் ஏழு அங்குல வெற்றுத் தட்டுகள் தீர்ந்துபோயிருந்தன. தட்டு வெட்டும் ஜோசே ரோட்ரிகஸ், கையில் இருந்த பெரிய தட்டை எடுத்தார். அத்தனை பெரிய பரப்பில் பாட்டு ஓரமாக ஒடுங்கிக் கிடப்பது மோல்டனுக்குப் பொறுக்கவில்லை. தட்டின் வரிப்பள்ளங்களை விரித்து, ஒலியளவைக் கூட்டி வெட்டச் சொன்னார். போட்டுப் பார்த்தால், அதுவரை சிங்கிளில் கேட்டிராத ஓசை. 1976-இல் சால்சோல் கம்பெனி, டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பெர்சென்ட்’ பாட்டை வால்டர் கிப்பன்ஸ் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டிக் கொடுத்த வடிவத்தில் கடைக்கு அனுப்பியது. பொதுமக்கள் காசு கொடுத்து வாங்கிய முதல் பன்னிரண்டு அங்குல சிங்கிள் அது என்பார்கள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குதான். தாழ்ந்த சுருதியில் வரும் ஓசை வரிப்பள்ளத்தை அகலமாக ஆட்டும். பக்கத்து வரியோடு முட்டாமல் இருக்க இடைவெளி வேண்டும். ஏழு அங்குலத்தில் அந்த இடம் இல்லை. பேஸைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்த ஒலியையும் அடக்க வேண்டும். வேகமும் சேர்ந்துகொள்கிறது. 45 சுற்றில் ஓடும் பெரிய தட்டின் வெளிவரி ஊசிக்கடியில் வினாடிக்குச் சுமார் 69 சென்டிமீட்டர் நகர்கிறது. சின்னத் தட்டில் அது 40-ஐத்தான் தொடும். ஒரே ஒலிக்கு இங்கே நீளமான வரி கிடைப்பதால் உச்ச ஓசைகளும் நசுங்காமல் வருகின்றன. எண்பதுகளின் நடனப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் வேறு எதுவும் இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஏனென்றால் அந்தப் பத்தாண்டில்தான் டிரம்ஸ் அடிக்க ஆளே தேவையில்லை என்றாகிவிட்டது. ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 1980-இல் வந்தது. 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டும், கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்த மிடி முறையும் வந்தன. பிசகாத தாளம் கிடைத்ததும் பாட்டை எங்கே வேண்டுமானாலும் வெட்டி எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றாயிற்று. வெட்டுவது என்றால் நிஜமாகவே வெட்டுவதுதான்: காந்த நாடாவை ரேசர் பிளேடால் நறுக்கி, ஒட்டுநாடாவால் இணைப்பார்கள். பாடகரின் ஒரு அசை நான்கு முறை திக்கித் திக்கி வருகிறதென்றால் நான்கு துண்டு நாடாவை யாரோ ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டியிருக்கலாம். இப்படி வெட்டி ஒட்டி ‘மிக்ஸ்’ செய்தவர்கள்: நியூயார்க்கில் ஷெப் பெட்டிபோன், ஆர்தர் பேக்கர், பிரான்சுவா கெவோர்க்கியன். லண்டனில் ஸ்டாக் ஐட்கன் வாட்டர்மன் கூட்டணியின் ஸ்டூடியோவில் ஃபில் ஹார்டிங், பீட் ஹாமண்ட். பாடியவரின் பெயர் உறையில் கொட்டை எழுத்தில் இருக்கும். இவர்கள் பெயர் லேபிளில் பொடி எழுத்தில்.

நடனக்கூடத்தால் ஒரு பாட்டைத் தூக்கி நிறுத்தவும் முடிந்தது. டெட் ஆர் அலைவ் குழுவின் ‘யூ ஸ்பின் மீ ரவுண்ட்’ 1984 நவம்பரில் வெளிவந்தது. முதலிடத்துக்கு வர 1985 மார்ச் ஆகிவிட்டது. அதைத் தயாரித்த ஸ்டாக் ஐட்கன் வாட்டர்மன் கூட்டணிக்கு பிரிட்டனில் அதுதான் முதல் ‘நம்பர் ஒன்’. வெளிவந்த வாரமே உச்சிக்குப் போய் அடுத்த வாரம் சரிகிற இந்தக் காலத்துப் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நிதானம் விசித்திரமாகத் தெரியும்.

பன்னிரண்டு அங்குல மிக்ஸை விற்பனைத் தந்திரமாக மாற்றியது இசட்டிடி என்ற சின்னக் கம்பெனி. ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் ‘ரிலாக்ஸ்’ 1983 அக்டோபரில் வந்தது, தயாரிப்பு டிரெவர் ஹார்ன். பாட்டின் விரசத்தைக் காரணம் காட்டி 1984 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அது போதாதா? பாட்டு முதலிடத்தில் ஐந்து வாரம் உட்கார்ந்துகொண்டது. கம்பெனி அதோடு விடவில்லை. பன்னிரண்டு அங்குலத்தில் பதினாறு நிமிட மிக்ஸ் ஒன்று, அதைச் சுருக்கியது ஒன்று, நியூயார்க் மிக்ஸ் என்று ஒன்று. எந்த வடிவத்தை வாங்கினாலும் பட்டியலில் ஒரே பாட்டின் கணக்கில்தான் சேரும். அடுத்து வந்த ‘டூ டிரைப்ஸ்’ ஒன்பது வாரம் முதலிடம். அதே கோடையில் ‘ரிலாக்ஸ்’ மறுபடி ஏறி இரண்டாமிடம். வெறியர்கள் ஒரே பாட்டை மூன்று தடவை காசு கொடுத்து வாங்கினார்கள். மற்ற கம்பெனிகளும் இதே வழிக்கு வந்தன: வண்ணத் தட்டு, படத்தட்டு, வெட்டுவடிவத் தட்டு, எண்ணிட்ட பதிப்பு. கடைசியில் எத்தனை வடிவங்களைக் கணக்கில் எடுப்பது என்று பட்டியல்காரர்கள் வரம்பு போட வேண்டி வந்தது. அன்றைய பத்திரிகைக்காரர்களுக்கு இது பிள்ளைகளின் பையில் கையை விடும் வேலையாகத் தெரிந்ததில் தவறில்லை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. நியூ ஆர்டரின் ‘புளூ மண்டே’, 1983 மார்ச், ஃபேக்டரி கம்பெனி, பட்டியல் எண் ஃபேக் 73. ஏழரை நிமிடப் பாட்டு. சுருக்கிய ஏழு அங்குலம் அப்போது போடவே இல்லை. பீட்டர் சேவில் வடிவமைத்த உறை, அக்காலத்துக் கணினியின் ஃபிளாப்பி வட்டைப் போல நடுவில் ஓட்டை வெட்டியது. குழுவின் பெயரும் கிடையாது, பாட்டின் பெயரும் கிடையாது. ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும். அந்தச் சங்கேதத்தைப் படிக்கும் திறவுகோல் வேறொரு ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்தது. உறையை வெட்டிய செலவால் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம் என்று ஒரு கதை உலவுகிறது. எத்தனை காசு நஷ்டம் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். உலகில் அதிகம் விற்ற பன்னிரண்டு அங்குல சிங்கிள் என்ற பெயர் மட்டும் அதற்கே நிலைத்துவிட்டது.

இனி இன்றைக்கு வருவோம். வுல்வொர்த்ஸ் 2009 ஜனவரி முதல் வாரத்தில் கடைசிக் கதவையும் சாத்தியது. அதற்கு வெகு காலம் முன்பே சிடி வந்து தட்டை ஓரங்கட்டியிருந்தது. பிறகு, எல்லோரும் எழுதித் தீர்த்த அந்த மறுமலர்ச்சி: 2022-இல் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டு 4.1 கோடி, சிடி 3.3 கோடி, எண்ணிக்கையில் தட்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிரிட்டனில் விலைவாசி கணக்கிடும் கூடையிலிருந்து 1992-இல் எடுத்த வினைல் 2024-இல் திரும்ப வந்து சேர்ந்தது.

இந்த மறுமலர்ச்சி சிங்கிளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. விற்பதெல்லாம் எல்.பி., கனத்த உறையோடு, அலமாரியில் நிறுத்தி அழகு பார்க்கும் விலையில். ஒரு பாட்டை ஒரு தட்டில் வாங்கும் வழக்கம் செத்துப்போனது. புதிதாகப் போடும் சிங்கிள்களும் 2008-இல் தொடங்கிய ‘ரெக்கார்டு ஸ்டோர் டே’ போன்ற நாட்களுக்கான சிறப்புப் பதிப்புகள்தாம் பெரும்பாலும். ஆகவே எண்பதுகளின் சிங்கிளைத் தேடுகிறவர் பழைய தட்டைத்தான் தேட வேண்டும்: அறக்கட்டளைக் கடைகளில், தட்டுச் சந்தைகளில், அதிகமும் டிஸ்காக்ஸ் தளத்தில். 2000-இல் கெவின் லெவன்டௌஸ்கி தன்னிடம் இருந்த எலக்ட்ரானிக் இசைத் தட்டுகளை ஒழுங்குபடுத்துவதற்காகத் தொடங்கிய தளம் அது. இன்று உலகத்துத் தட்டுகளுக்கெல்லாம் பதிவேடு.

அந்தப் பதிவேட்டில்தான் இசட்டிடியின் தந்திரம் தலைகீழாகிறது. ‘ரிலாக்ஸ்’ பன்னிரண்டு அங்குலத்தின் வெவ்வேறு மிக்ஸ்கள் ஒரே பட்டியல் எண்ணில், ஒரே மாதிரி உறையில் வந்தவை. எது எந்த மிக்ஸ் என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் இருக்கும் வழவழப்பான வளையத்தில் கையால் கீறிய எண் ஒன்று இருக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அதைப் படிக்க வேண்டும். அன்று கடையில் ஒருவரும் கண்ணெடுத்துப் பார்க்காத இடம் இன்று முதலில் பார்க்கும் இடம். எண் மட்டுமல்ல, தட்டை வெட்டியவரின் கையெழுத்தும் அங்கே உண்டு. ஜார்ஜ் பெக்கம் வெட்டிய தட்டுகளில் ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று கீறியிருக்கும். போர்க்கி அவருடைய செல்லப்பெயர். அது இருந்தால் ஓசை திடமாக இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

விலை விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். லட்சக்கணக்கில் விற்ற ‘நம்பர் ஒன்’ பாட்டுகள்தாம் இன்று மலிவு, ஊரெல்லாம் கிடக்கின்றன. ஓடாத பாட்டுக்குத்தான் கிராக்கி. பெட் ஷாப் பாய்ஸின் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ 1986 ஜனவரியில் முதலிடம் பிடித்த வடிவத்துக்கு அலைய வேண்டியதில்லை. 1984-இல் பாபி ஓர்லாண்டோ தயாரித்து பிரிட்டனில் எடுபடாமல் போன முதல் வடிவத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது தொடர் வந்து கணக்கைக் குலைக்கும்: ‘ஸ்டிரேஞ்சர் திங்ஸ்’ புண்ணியத்தில் கேட் புஷ்ஷின் 1985 பாட்டு 2022-இல் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. அமெரிக்க ஏழு அங்குலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே பல தட்டுகள் வினைல் அல்ல, வார்த்தெடுத்த ஸ்டைரீன். மட்டமான ஊசி சில தடவை ஓடியிருந்தாலே சரசரப்பு நிரந்தரம். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருக்கும்.

கேட்கும் விதமும் மாறிவிட்டது. இந்த மிக்ஸ்கள் கூட்டத்துக்காக, இருட்டுக்காக, ஆளுயர ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. முதல் ஒரு நிமிடம் தாளம் மட்டும் ஓடுவது, டி.ஜே. முந்தைய பாட்டோடு கோத்துக்கொள்ள வசதியாக விட்ட இடம். இன்று ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். வீணான நிமிடம் என்று தோன்றலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கச்சேரியில் பாடகர் ஒதுங்கி மிருதங்கத்துக்கு இடம்விடும் தனி ஆவர்த்தனம் போல, நடுவில் குரல் விலகும்போதுதான் அந்தப் பாட்டின் எலும்புக்கூடு தெரிகிறது: பேஸ் எங்கே அடியை விட்டு விலகி விழுகிறது, கைதட்டல் ஓசைக்கு எத்தனை எதிரொலி, வானொலி வடிவத்தில் புதைந்து கிடந்த கீபோர்டு வரி என்ன செய்துகொண்டிருந்தது. எல்லா மிக்ஸும் இந்தத் தகுதியுள்ளவை என்று சொல்ல மாட்டேன். எண்பதுகளின் பின்பாதியில் பாட்டை ஏழு நிமிடத்துக்கு இழுத்துவிட்டால் போதும் என்று அடித்துத் தள்ளியவையும் ஏராளம். அவை மலிவுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே, தட்டு எதற்கு என்று கேட்பார்கள். கிடைப்பது அநேகமாக ஆல்பத்தில் வந்த வடிவம், இல்லாவிட்டால் நான்கு நிமிட வானொலி வடிவம். குரலைக் குறைத்துப் பின்பக்கத்தில் போட்ட டப் மிக்ஸ், இரண்டாவது பன்னிரண்டு அங்குலத்துக்கென்று செய்த மிக்ஸ், இவற்றில் பல அந்த ஒரே தடவை அடித்ததோடு சரி. கம்பெனிகள் கைமாறின, நாடாக்கள் இடம் மாறின, சில தொலைந்தே போயின. எண்பதுகளின் மிக்ஸ்களைத் திரட்டி இப்போது சிடி தொகுப்பு போடுகிறவர்கள், மூல நாடா அகப்படாத பாட்டுக்கு நல்ல நிலையில் இருக்கும் பழைய தட்டு ஒன்றை ஓடவிட்டு அதிலிருந்தே பதிவெடுத்துச் சேர்ப்பதுண்டு. எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள், ஊசியைச் சரியாக வைத்தார்களா என்று வாங்கியவர்கள் அதற்கும் சண்டை பிடிக்கிறார்கள்.