கழிச்சேறும் பாடாணமும்

நெய்தல் பாடிய சான்றோர் கழியையும் கானலையும் கண்டலையும் அந்நிலத்துக் கருப்பொருள்களோடு இயைத்துப் பாடினர். கண்டல் வேரூன்றிய கருஞ்சேறு நச்சுப்பொருளைப் பற்றி வைக்கும் இயல்பினது என்பதை இக்கால வேதியியல் விளக்குகின்றது. அதனைப் பழவேற்காட்டு ஏரியை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

தமிழகத்திற்கும் ஆந்திரத்திற்கும் பொதுவாகிய இவ்வேரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரிய உவர்நீர்க் காயலாகும். ஆரணியாறும் காளங்கியாறும் இதன்கண் கலக்கின்றன. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு இதனை வங்கக்கடலினின்றும் பிரிக்கின்றது. கண்டல் இங்குச் சிறு திட்டுகளாகவே காணப்படுகின்றது.

உலோக இயல்பும் அலோக இயல்பும் விரவிய தனிமத்தை உலோகப்போலி என்பர். ஆர்செனிக் அவற்றுள் ஒன்று. சித்த மருத்துவ நூல்கள் பாடாணங்களுள் வைத்தெண்ணும் தாளகமும் மனோசிலையும், ஆர்செனிக்கும் கந்தகமும் கூடிய சேர்மங்களே. தாளகத்தின் மறுபெயராகிய அரிதாரம் என்பதே கூத்தர்தம் முகப்பூச்சிற்கும் பெயராயிற்று. ஆர்செனிக்கிற்குக் கந்தகத்தின்பால் உள்ள இவ்விழைவு சேற்றினும் தொழிற்படுகின்றது.

உதிர்ந்த இலையும் இறந்த வேரும் மட்கிக் கரிமப்பொருளாகின்றன. உயிர்வளி புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைத்துச் சல்பைடு ஆக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் இதனால் எழுவதே. அக்கந்தகத்தின் ஒரு பகுதி மட்கினுட் புகுந்து, ஆர்செனிக்கைப் பற்றும் கொளுவியாகின்றது. சுவிட்சர்லாந்து நாட்டுக் கரிச்சதுப்பு ஒன்றில் இத்தகைய பிணிப்பு மேலோங்கி நிற்றலை 2012-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பிறிதொரு வழியும் உண்டு. உயிர்வளி மிக்க நீரிலுள்ள ஆர்செனேட்டும் மட்கும் எதிர்மின்னேற்றம் உடையன ஆதலின் ஒன்றையொன்று விலக்கும். இரும்பு இடைநின்று பாலம்போல் இரண்டனையும் இணைக்கும்.

எனினும், கரிமப்பொருள் என்றும் காவலாக நிற்பதன்று. நுண்ணுயிர்க்கு அதுவே உணவு. அவ்வுணவின் வலியால் அவை இரும்புத் துருவைக் கரைக்குங்கால், அதன்மேற் படிந்த ஆர்செனிக் நீரிற் கலக்கும். 1983 முதல் மேற்கு வங்காளத்தில் அறியப்பட்டுவரும் நிலத்தடிநீர் நஞ்சிற்கு இந்நிகழ்ச்சியே தலையாய காரணமாகக் கருதப்படுகின்றது. ஆகவே, பிணித்தலும் விடுத்தலும் கந்தகம், இரும்பு, உயிர்வளி ஆகிய மூன்றன் அளவைப் பொறுத்தன என்க.

இவ்வாராய்ச்சியின் பயன் யாது? பழவேற்காட்டுப் பரதவர் பாடு என்னும் முறையால் மீன்பிடி இடங்களைத் தம்முட் பகிர்ந்துகொள்வர்; மகளிர் சேற்றிற் கைதுழாவி இறால் பற்றுவர். தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக் உண்டு. பக்கிங்காம் கால்வாய் அப்பகுதியை ஏரியோடு இணைக்கின்றது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தவழி அதனை அகழ்தல் பரதவர்க்கு இன்றியமையாதது. ஆயின் முகத்துவார மணல் வேறு, உட்கழிக் கருஞ்சேறு வேறு. கருஞ்சேற்றை வாரிக் கரையிற் குவித்தால், காற்றுப் பட்டுச் சல்பைடு சிதையும், பிணிப்பும் தளரும். எனவே அகழுமுன் சேற்றை ஆய்ந்தறிதலும், கண்டலைக் காத்தலும் வேண்டும் என்பதே இதன் முடிபு.