திருமணம் தமிழ்நாட்டில், குடித்தனம் பட்டான்செருவில்: விவாகரத்து மனுவை எங்கே தாக்கல் செய்வது? வழக்கறிஞரை அமர்த்தும் முன் அறிய வேண்டியவை

பட்டான்செரு (தெலங்கானா): ஐதராபாத்தின் வடமேற்கே, மும்பை செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பட்டான்செரு. 1972ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இக்ரிசாட் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் பெரும் தொழிற்பேட்டையும் இங்கு உள்ளன. அருகிலுள்ள ராமச்சந்திராபுரத்தில் பெல் நிறுவனத்தின் ஆலை இயங்கி வருகிறது. வேலைக்காகப் பிற மாநிலங்களில் இருந்து இப்பகுதியில் குடியேறிய தம்பதியர் மணமுறிவை நாடும்போது, "காரணம் என்ன?" என்பதற்கு முன்பாகவே "எந்த ஊர் நீதிமன்றம்?" என்ற கேள்வி எழுகிறது. இதற்கான விடையே பயணச் செலவையும், வழக்கு முடிய ஆகும் காலத்தையும், எந்த ஊர் வழக்கறிஞரை அமர்த்துவது என்பதையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

எந்த நீதிமன்றம்?

பேச்சு வழக்கில் ஐதராபாத் என்று குறிப்பிடப்பட்டாலும், பட்டான்செரு சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே, இங்கு வசிப்போரின் விவாகரத்து மனு ஐதராபாத் நகர நீதிமன்றங்களின் எல்லைக்குள் வராது. சங்காரெட்டி மாவட்ட நீதித்துறையின் எல்லைக்குள் வரும். இதை அறியாமல் நகர நீதிமன்றத்தில் மனு அளித்தால், எல்லை அதிகாரம் இல்லை என்ற காரணத்தால் அது திருப்பி அளிக்கப்படலாம். உள்ளூர் நடைமுறை அறிந்த வழக்கறிஞரின் முதல் பயன் இங்குதான்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 19ஆவது பிரிவு, மனு தாக்கல் செய்யக்கூடிய இடங்களை வரையறுக்கிறது. திருமணம் நடந்த இடம், எதிர்தரப்பினர் தற்போது வசிக்கும் இடம், கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவை முதல் மூன்று. மனைவி மனுதாரராக இருந்தால், மனு அளிக்கும் நாளில் அவர் வசிக்கும் இடத்திலும் தாக்கல் செய்யலாம். இந்த வசதி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பெண்களுக்கு வழங்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, மதுரையில் திருமணம் முடித்து, பட்டான்செருவில் குடும்பம் நடத்திய ஒரு தம்பதியைக் கொள்வோம். பிரிவுக்குப் பின் மனைவி திருச்சியில் உள்ள பெற்றோர் வீட்டுக்குச் சென்றுவிட்டார். கணவர் பணிமாற்றம் பெற்றுப் புனேவில் இருக்கிறார். மனைவி மதுரை, சங்காரெட்டி, திருச்சி ஆகிய மூன்று இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கணவர் இப்போது வசிக்கும் புனேவிலும் தாக்கல் செய்யலாம். ஆனால் கணவர், தாம் வசிக்கிறார் என்ற காரணத்தை மட்டும் காட்டிப் புனேவில் மனு அளிக்க இயலாது.

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் பொருந்தும். இஸ்லாமியர்களுக்குத் தனி விதிகள் உள்ளன.

இருவரும் வெவ்வேறு ஊர்களில் வழக்கு தொடுத்தால்?

கணவர் சங்காரெட்டியிலும் மனைவி திருச்சியிலும் தனித்தனியே விவாகரத்து மனு அளித்தால், பின்னர் அளிக்கப்பட்ட மனு முதல் மனு உள்ள நீதிமன்றத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்கிறது இச்சட்டத்தின் 21ஏ பிரிவு. அதேவேளையில், ஒரு மாநிலத்தில் இருந்து மற்றொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றக் கோரி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 25ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். திருமண வழக்குகளை இடமாற்றம் செய்யும்போது பொதுவாக மனைவியின் வசதியே கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

வெளியூர் நீதிமன்றத்தில் இருந்து சம்மன் வந்தால் அதைப் புறக்கணிப்பது பெரும் தவறாகிவிடும். குறித்த நாளில் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ முன்னிலையாகாவிட்டால், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்படலாம். அதை ரத்து செய்யக் கோருவதற்கான காலவரம்பு 30 நாட்கள் மட்டுமே. சம்மன் முறையாகச் சேராதவர்களுக்கு, தீர்ப்பு குறித்து அறிந்த நாளில் இருந்து இக்காலம் கணக்கிடப்படும்.

பரஸ்பர ஒப்புதலா, எதிர்வழக்கா?

இருவரும் இணங்கினால் 13பி பிரிவின் கீழ் கூட்டாக மனு அளிக்கலாம். இதற்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பின் 6 மாதங்கள் கழித்து, 18 மாதங்களுக்குள் இருவரும் மீண்டும் நீதிமன்றத்தில் தங்கள் ஒப்புதலை உறுதிப்படுத்த வேண்டும். தீர்ப்புக்கு முன் ஒருவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் விவாகரத்து கிடைக்காது.

இந்த 6 மாதக் காத்திருப்பு கட்டாயமல்ல என்று 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமரச முயற்சிகள் தோல்வியடைந்து, ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு போன்றவை உண்மையாகவே தீர்க்கப்பட்டு, முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டுப் பிரிவு நிறைவடைந்திருந்தால், குடும்ப நீதிமன்றமே அதைத் தளர்த்தலாம்.

ஒருவர் மறுத்தால், கொடுமை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடுதல் போன்ற 13ஆவது பிரிவின் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். திருமண உறவு மீட்க இயலாத அளவுக்கு முறிந்துவிட்டது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி விவாகரத்து வழங்கும் அதிகாரம் குடும்ப நீதிமன்றங்களுக்கு இல்லை. அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் மட்டுமே அவ்வாறு வழங்க முடியும் என 2023ஆம் ஆண்டு மே 1 அன்று அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. திருமணமாகி ஓராண்டு நிறைவடையும் முன், விதிவிலக்கான துன்பம் இருந்தாலன்றி மனு அளிக்க முடியாது.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போது

இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குகளைப் பெறுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. இணையதளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் வழக்கு தேடுவதற்கு எதிராக, 2024ஆம் ஆண்டு ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு பிறப்பித்தது. எனவே, 'முதலிடம்' என்று இணையத்தில் தோன்றும் பெயர்களை நம்பி முடிவெடுப்பதைவிட, சங்காரெட்டி நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகளை நடத்தி வருபவர்களை விசாரித்து அறிவதே நல்லது. பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டறிவதில் தவறில்லை.

கட்டணத்தை முன்கூட்டியே பேசி, செலுத்தும் தொகைக்கு ரசீது பெற வேண்டும். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் நிர்ணயிப்பதும், கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பதும் விதிகளுக்குப் புறம்பானவை.

மொழி தொடர்பாகவும் எச்சரிக்கை தேவை. சங்காரெட்டியில் மனு ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ தயாரிக்கப்படும். அதனுடன் இணைக்கும் பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிடுபவர், அதில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் பொறுப்பாளர் ஆகிறார். தமிழ் மட்டுமே அறிந்தவர்கள், முழுவதையும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். தமிழில் உள்ள திருமணச் சான்று, அழைப்பிதழ் போன்றவற்றுக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படும். சேர்ந்து வாழ்ந்த முகவரிக்கான வாடகை ஒப்பந்தம் அல்லது ஆதார் நகல், புகைப்படங்கள், இரு தரப்பு வருமான விவரங்கள் ஆகியவற்றையும் எடுத்து வைப்பது நல்லது.

இலவச உதவி யாருக்கு?

வழக்கு நடக்கும் காலத்தில், சொந்த வருமானம் போதாத கணவனோ மனைவியோ இடைக்காலப் பராமரிப்பையும் வழக்குச் செலவையும் 24ஆவது பிரிவின் கீழ் கோரலாம். இம்மனு, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்கப்பட வேண்டும். பராமரிப்பு கோரும் வழக்குகளில் இரு தரப்பினரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என 2020ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது.

வழக்கறிஞரை அமர்த்த வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். அதே பிரிவு தொழிற்சாலைத் தொழிலாளர்களையும் தகுதியுடையோராகக் குறிப்பிடுகிறது. பட்டான்செரு போன்ற தொழிற்பகுதியில் பணிபுரிவோரில் பலருக்கு இது தெரிந்திருப்பதில்லை. தேசிய சட்ட உதவி எண்ணான 15100-ஐத் தொடர்பு கொண்டும் விவரம் பெறலாம்.

விவாகரத்துத் தீர்ப்பு கிடைத்தவுடனேயே மறுமணம் செய்ய இயலாது. மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்த பின்னரோ, மேல்முறையீடு தள்ளுபடியான பின்னரோதான் சட்டம் அதை அனுமதிக்கிறது. தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை வழக்கறிஞரிடம் இருந்து பெற்றுப் பாதுகாத்து வைப்பதும் அவசியமாகும்.