உங்களுக்குத் தெரியுமா? மலையும் சுனையும் மழையும் பெயரான கதை

தண்ணீர் அரிதான அரபு மண்ணில் பிறந்த பெயர்களில் ஊற்றும் தோட்டமும் மழைமேகமும் திரும்பத் திரும்ப வருகின்றன. குன்றும் குகையும்கூட உண்டு. பிள்ளைக்குப் பெயர் தேடும் பெற்றோர், ஓசை இனிமையோடு நின்றுவிடாமல் அந்தப் பெயர் எந்த நிலத்தைச் சுட்டுகிறது என்றும் பார்த்து வைப்பது நல்லது. பிள்ளை வளர்ந்து ‘எனக்கு ஏன் இந்தப் பேரு?’ என்று கேட்கும்போது சொல்ல ஒரு கதை இருக்கும்.

● ஸஃபா, மர்வா
மக்காவில் உள்ள இரு சிறு குன்றுகள். பச்சிளம் குழந்தை இஸ்மாயிலுக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா ஏழு முறை ஓடியது இவற்றுக்கு நடுவில்தான். ஹஜ், உம்ரா செய்பவர்கள் இன்றும் அங்கே தொங்கோட்டம் ஓடுகிறார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 450 மீட்டர். ஏழுக்கும் சேர்த்து 3 கிலோமீட்டருக்கு மேல். தளர்ந்து உட்காராத ஒரு தாயின் நினைவைச் சுமக்கும் இந்த இரு பெயர்களும் இரட்டைப் பெண் குழந்தைகளுக்கு அருமையான இணை.

● ரய்யான்
தாகம் தீர்ந்தவர், நீர்வளம் நிறைந்தது என்று பொருள். சொர்க்கத்தில் நோன்பாளிகள் மட்டுமே நுழையும் வாசலுக்கு ‘ரய்யான்’ என்று பெயர் என்கிறது நபிமொழி. பகலெல்லாம் தாகம் பொறுத்தவர்களுக்குத் திறக்கும் வாசலுக்கு வேறெந்தப் பெயர் பொருந்தும்? கத்தாரில் இதே பெயரில் ஒரு நகரமும் உண்டு. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் சில அங்கே நடந்தன.

● ரியாஸ்
நம் ஊர்த் தெருக்களில் அடிக்கடி கேட்கும் இந்தப் பெயரும் சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத்தும் ஒரே சொல்தான்! ‘ரவ்ழா’ என்றால் தோட்டம். அதன் பன்மை ‘ரியாழ்’. பாலைவனத்தில் மழைநீர் வடிந்து தேங்கும் பள்ளங்களில் திடீரெனப் பசுமை படரும். அந்த இடங்களையும் அரபிகள் ரவ்ழா என்றே அழைக்கிறார்கள். பாரசீகம், உருது வழியாக வந்ததால் கடைசி எழுத்து ‘ஸ்’ ஆகிவிட்டது.

● தஸ்னீம், ஸல்ஸபீல், கவ்ஸர்
மூன்றும் சொர்க்கத்து நீர்கள். திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்தில் தஸ்னீம் என்ற ஊற்றும், 76-ஆம் அத்தியாயத்தில் ஸல்ஸபீல் என்ற ஊற்றும் வருகின்றன. கவ்ஸரின் பெயரில் ஒரு தனி அத்தியாயமே உண்டு: 108-ஆவது. மூன்றே வசனங்கள். பேசத் தொடங்கிய பிள்ளைகூட மனனம் செய்துவிடலாம். அந்தப் பெயருள்ள குழந்தைக்கு முதலில் கற்றுத்தர இதைவிட நல்ல பாடம் இல்லை.

● ஃபிர்தவ்ஸ்
சொர்க்கத்தின் மிக உயர்ந்த தோட்டம். ஆனால் இந்தச் சொல்லின் வேர் பழைய ஈரானிய மொழியில் இருக்கிறது. மதில் சூழ்ந்த தோட்டம் என்பது அங்கே அதன் பொருள். ஆங்கிலத்தின் ‘பாரடைஸ்’ முளைத்ததும் அதே வேரில்தான். நம்மிடையே ஆண், பெண் இருபாலருக்கும் இந்தப் பெயர் வைக்கிறார்கள்.

● ஹிரா
மக்காவின் ஜபலுந் நூர் மலையில் உள்ள சிறு குகை. நபிகள் நாயகம் (ஸல்) தனித்திருந்து தியானித்த இடம், கி.பி. 610-இல் முதல் இறைவசனம் அருளப்பட்டதும் அங்கேதான். ‘ஓதுவீராக’ என்பதே முதல் கட்டளை. படிக்கப் போகும் மகளுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! வைரத்தைக் குறிக்கும் இந்திச் சொல் ‘ஹீரா’ வேறு, இது வேறு. குறிலா நெடிலா என்று பார்த்து எழுதுங்கள்.

● ஸஹ்ல்
சமவெளி, இலகுவான நிலம். மதீனாவின் பேரறிஞர் ஸயீத் இப்னு முஸய்யிபின் பாட்டனாருக்கு ‘ஹஸ்ன்’ என்று பெயர். கரடுமுரடான நிலம் என்று பொருள். (அழகைச் சொல்லும் ‘ஹஸன்’ வேறு.) இனி நீர் ஸஹ்ல் என்று நபிகளார் மாற்றிச் சொன்னபோது, தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கடுமை தங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை என்று பேரர் பிற்காலத்தில் சொன்னதாக புகாரி தொகுப்பில் இருக்கிறது. பெயரின் பொருளை விசாரித்து வைக்கச் சொல்லும் பெரியவர்கள் இந்த நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவது வழக்கம்.

● ஸல்மா
வட சவூதியின் ஹாயில் பகுதியில் அஜா, ஸல்மா என இரு மலைத்தொடர்கள் எதிரெதிரே நிற்கின்றன. அஜா என்ற இளைஞனும் ஸல்மா என்ற பெண்ணும் காதலித்து உயிரிழந்ததால் மலைகள் அவர்கள் பெயரைப் பெற்றன என்பது அங்கே வழங்கும் பழங்கதை.

● முஸ்னா, தீமா, நதா
மழையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள் அதன் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். மழை சுமந்த மேகம் முஸ்ன். அதிலிருந்து வந்தது முஸ்னா. இடி மின்னல் இல்லாமல் நின்று நிதானமாகப் பெய்வது தீமா. பனித்துளி நதா, அதற்குக் கொடைத்தன்மை என்ற பொருளும் உண்டு. மூன்றுமே பெண் குழந்தைப் பெயர்கள்.

● ஜூதி
நூஹ் நபியின் கப்பல் தரைதட்டி நின்ற மலை என்று குர்ஆன் (11:44) சொல்வது ஜூதி. துருக்கியின் தென்கிழக்கில் உள்ள ஜூதி மலையே அது என்பது நெடுங்கால நம்பிக்கை. அரபு நாடுகளில் பெண் குழந்தைகளுக்கு இந்தப் பெயரை விரும்பி வைக்கிறார்கள்.

● பதிவு செய்யும் முன்...
ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைப்பது நபிவழி. அதற்கு முன்பே பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் பெயரை அரபி எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரபியின் பல எழுத்துகளுக்குத் தமிழில் ஒரே ‘ஸ’தான், எழுத்து மாறினால் பொருளும் மாறும். ‘நதா’ பனித்துளி, ‘நிதா’ அழைப்பு. தமிழில் ஒரு குறி மாறினாலும் இவ்வளவு வேறுபாடு! இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே அவசரப்பட வேண்டாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று வீட்டில் எல்லோரும் கூடி முடிவுசெய்துவிட்டு, எல்லா ஆவணங்களிலும் அதையே எழுதுங்கள்.