சேற்றில் சுழலும் சக்கரமும் காற்றுப் பூட்டும்

மலைச்சரிவில் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது, விளைவிப்பதைவிடக் கடினமான காரியம் என்பதை ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த நமது அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தார்ச் சாலையிலிருந்து பிரிந்து ஊர்களுக்குச் செல்லும் மண் பாதைகள் களிமண் குழம்பாகிவிடுகின்றன. சாமை மூட்டைகளோடு வரும் பிக்கப் வண்டி அங்கே சிக்கிக்கொண்டால், ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி வீணே சுழலும். மற்றச் சக்கரமோ கெட்டித் தரையில் இருந்தும் அசையாமல் நிற்கும். மூட்டை நனைந்தால் விலை இறங்குகிறது. ஆரணி நெசவாளர் வீட்டுக்குச் செல்லும் பட்டு நூல் நனைந்தாலும் நஷ்டம் நம்முடையதே.

இத்தொல்லைக்குப் பரிகாரமாகக் காற்றால் இயங்கும் டிபரன்ஷியல் பூட்டைச் சங்கத்தின் வண்டிகளில் பொருத்தலாமா என்று அங்கத்தினர் சிலர் கேட்டிருந்தனர். பங்குத்தொகையிலிருந்து செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லவேண்டியவர்கள் நாம். ஆகவே, விளம்பரத்தை மட்டும் நம்பாமல், இப்பூட்டு பொருத்தப்பெற்ற நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் ஒன்றை நண்பர் ஒருவரிடம் இரவலாகப் பெற்று நேரில் பரீட்சித்துப் பார்த்தோம். கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

கிரிவலமும் சக்கரக் கணக்கும்

முதலில் டிபரன்ஷியல் எதற்காக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை இருவர் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இணையாக நடந்து சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்று முடியும்போது வெளிப்புறம் நடந்தவர் மற்றவரைவிட ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர் அதிகம் நடந்திருப்பார். வியப்பு என்னவெனில், வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறுவதில்லை. கடைத்தெருவில் வட்டமடித்துத் திரும்பும் பிக்கப்பின் இரு பின்சக்கரங்களுக்கு இடையிலும் ஏறத்தாழ அதே வித்தியாசந்தான் ஏற்படுகிறது. வட்டம் சிறிதாக இருப்பதால் அது அங்கே பெரிய பங்காகிவிடுகிறது.

மாட்டு வண்டிக்கு இதனால் சங்கடமில்லை. அதன் அச்சு சுழல்வதில்லை, சக்கரங்கள் தனித்தனியே உருளுகின்றன. மோட்டார் வண்டியிலோ இயந்திரத்தின் விசை அச்சின் வழியே இரு சக்கரங்களுக்கும் செல்லவேண்டும். அதே சமயம் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இதற்கான பற்சக்கர அமைப்பைப் பிரான்ஸ் தேசத்து ஒனேசிபோர் பெக்கர் என்பவர் 1827ஆம் ஆண்டிலேயே நீராவி வண்டிக்காக வகுத்தார்.

இந்த நல்ல அமைப்பில் ஒரு குறை உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் விசையைச் சமமாகவே பங்கிடுகிறது. சேற்றில் உள்ள சக்கரம் வழுக்காமல் 40 கிலோ விசையைத்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் உள்ள சக்கரத்துக்கும் 40 கிலோதான் கிடைக்கும். அது 400 கிலோ தாங்கக்கூடியதாயினும் பயனில்லை. மொத்தம் 80 கிலோவுக்கு ஏற்றிய வண்டி நகருமா? இரு அரையச்சுகளையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் 40உம் 400உம் சேர்ந்து 440 கிலோ வரை கிடைக்கும். இவை விளக்கத்துக்காகச் சொன்ன எண்களே. ஆனால் தத்துவம் இதுதான்.

பூட்டு வேலை செய்யும் விதம்

பூட்டு என்பது புதிதன்று. நமது அங்கத்தினர்களின் டிராக்டர்களில் வலது குதிகாலருகே இருக்கும் சிறு மிதிகட்டை அதுவே. கல் குவாரிகளில் ஓடும் கனரக டிப்பர்களில், பிரேக்குக்காகச் சேமித்த காற்றைக் கொண்டே இப்பூட்டை இயக்குகிறார்கள். நம் நாட்டில் விற்கப்படும் போர்ஸ் குர்கா வண்டியில் முன், பின் இரு அச்சுகளுக்கும் பூட்டு உண்டு. 2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பின் அச்சின் பூட்டு மின்சாரத்தால் இயங்குகிறது.

சிறு வண்டிகளில் காற்று பிரேக் இல்லை. ஆகையால் ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. போன்ற கம்பெனிகள் காற்றுப் பூட்டையும் அதற்கான ஒரு சிறு கம்ப்ரஸரையும் விற்கின்றன. ஓட்டுநர் விசையை அழுத்தியதும் சொலினாய்டு வால்வு திறந்து, மெல்லிய குழாய் வழியே, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பவுண்டு அழுத்தமுள்ள காற்று டிபரன்ஷியலுக்குள் செல்கிறது. அது பற்களுள்ள ஒரு வளையத்தைத் தள்ளி, பக்கப் பற்சக்கரத்தை வெளிக்கூட்டோடு பிணைத்துவிடுகிறது. காற்றை வெளியேற்றினால் சுருள்வில் வளையத்தைப் பின்னுக்குத் தள்ளும், பூட்டு விடுபடும்.

பட்டறையில் பார்த்தவை

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சை ஜாக்கியால் உயர்த்தி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தினோம். இயந்திரம் ஓடவில்லை, வண்டி கியரில் இருந்தது. பூட்டுப் போடாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றியபோது மற்றது எதிர்த்திசையில் சுற்றியது. பூட்டைப் போட்டதும் இரண்டும் அசைய மறுத்தன. பூட்டு உண்மையில் விழுகிறதா என்பதை அறிய இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்து, குழாயின் மூட்டுகளில் சோப்பு நீர் தடவினோம். ஒரு மூட்டருகே நுரை பொங்கியது. குழாய் சூடான புகைக்குழாயை உரசிச் சென்றதால் அங்கே இளகியிருந்தது. பொருத்திய பட்டறையின் அவசரம் அது. அன்றே குழாயை மாற்றி, வெப்பத்திலிருந்து விலக்கிக் கட்டினோம். பூட்டுப் போட்டிருக்கையில் கம்ப்ரஸர் அடிக்கடி தானே ஓடத் தொடங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். வால்வின் காற்றுப் போக்கியில் எண்ணெய் தெறித்தால், உள்ளே ரப்பர் வளையம் கெட்டிருக்கலாம்.

மலைப் பாதையில் கண்டவை

மழை ஓய்ந்த மறுநாள், சுமையோடு மலைமீது ஒரு மண் பாதைக்குச் சென்றோம். குறுக்கே ஓடிய வாய்க்காலில் வண்டி கோணலாக இறங்கியபோது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது. பூட்டின்றி ஏற முயன்றோம். தூக்கிய சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டு, சக்கரம் நின்றபின் பின் பூட்டைப் போட்டோம். வண்டி இரைச்சலின்றி மெதுவாக ஏறிவிட்டது. முன் பூட்டுக்குத் தேவையே ஏற்படவில்லை.

ஆனால் எல்லாம் நன்மையே என்று எழுதினால் அங்கத்தினர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். பக்கவாட்டில் சரிந்த வழுக்கல் பாதையில் பூட்டைப் போட்டபடி சென்றபோது, இரு பின்சக்கரங்களும் ஒருசேர வழுக்கி, வண்டியின் வால் பள்ளத்தை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது. பூட்டில்லாவிட்டால் ஒரு சக்கரம் சுழலும்போது மற்றது ஊன்றி நிற்க வாய்ப்புண்டு. அந்த ஒரு முழம் எங்களுக்குப் பெரிய பாடமாயிற்று. உடனே பூட்டை விடுவித்து, இறங்கி நின்று, வழி பார்த்தபின்தான் நகர்ந்தோம். முன் பூட்டைப் போட்டால் ஸ்டியரிங் கடினமாகி வண்டி நேரே ஓடவே விரும்பும். கெட்டிச் சாலையில் பூட்டோடு திரும்பினால் டயரும் அச்சும் கெடும்.

நமது அபிப்பிராயம்

எல்லா வண்டிக்கும் இது வேண்டியதில்லை. தார்ச் சாலையில் ஓடும் நூல் வண்டிக்கு இது வீண் செலவு. மலைப் பாதைக்கென்றே உள்ள வண்டிக்குப் பின் அச்சில் மட்டும் ஒரு பூட்டு இருந்தால் போதும். அதற்கும் முன்பாக, தேயாத நல்ல டயர், அளவான சுமை, இழுவைக் கயிறு, மண்வெட்டி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிக்கருவியைப் பொருத்துவதாயின், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பது பற்றிய விதிகளைக் கூறுவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்னதாகக் கேட்டறிவது அவசியம்.

இறுதியாக டிராக்டர் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் விலை கொடுத்து வாங்க யோசிக்கும் பூட்டு உங்கள் காலடியிலேயே இருக்கிறது. சக்கரம் வேகமாகச் சுழலும்போது அதை மிதிக்காதீர்கள், நிறுத்தி மிதியுங்கள், நேரே செல்லுங்கள், திரும்புமுன் விட்டுவிடுங்கள். இந்த நான்கையும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஓட்டுநருக்கும் கற்றுக்கொடுத்தால், காசு செலவில்லாமலே இந்த மழைக்காலத்தில் பல மூட்டைகள் நனையாமல் வந்து சேரும்.