குறித்த வேளையில் குறித்த பணி

ஜார்ஜ்டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டையருகே நிற்கும் விக்டோரியா அரசியார் நினைவு மணிக்கூண்டை அறியாத பினாங்குவாசி இரார். அரசியாரின் அறுபதாண்டு ஆட்சியை முன்னிட்டு, 1897ஆம் ஆண்டில் செல்வந்தர் சியா சென் இயோக் அளித்த கொடை அது. ஆண்டுக்கு ஓரடியாக 60 அடி உயரம். அக்கூண்டு காட்டுவது எவ்வூர் நேரம் என்று கேட்டால் பலர் வியப்பர். பினாங்கின் தீர்க்கரேகை ஏறத்தாழ 100 பாகை 20 கலை. சூரியனைக் கொண்டு கணக்கிட்டால் நம் ஊர் கிரீனிச்சைவிட 6 மணி 41 நிமிடமே முந்தியது. நாம் பின்பற்றுவதோ 8 மணி முந்திய நேரம். அதனால்தான் இங்கே உச்சிப்பொழுது பகல் ஒன்றேகால் மணியை ஒட்டி வருகின்றது.

இடையே பல மாற்றங்கள் நிகழ்ந்தன. 1905இல் 7 மணி என்றார்கள். 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் ஏழரை ஆக்கினார்கள். சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமாகிய 9 வந்தது. 1945இல் மீண்டும் ஏழரை. பின்னர், சபா, சரவாக்கோடு நாடு முழுதும் ஒரே நேரம் வேண்டுமென்று, 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்பத்துக் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டன. ஆகவே அன்று இரவு 11.30 மணி முதல் அரைமணி நேரம் பினாங்கில் இருந்ததே இல்லை!

மனிதர் மறந்தாலும் கணினி இதனை மறப்பதில்லை. ஜாவா என்னும் நிரல்மொழி, உலக நேர வலயங்களின் வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கின்றது. 1981 டிசம்பர் 31, இரவு 11.30 மணி, கோலாலம்பூர் நேரம் என்று எழுதிக் கொடுத்தால், அப்படியொரு பொழுது இல்லையெனக் கண்டு நள்ளிரவு 12க்குத் தள்ளும், கண்டிப்பான முறையில் படிக்கச் சொன்னால் பிழையென்று மறுத்துவிடும். 

நேரத்தைப் பற்றி இவ்வளவு கூறுவதற்குக் காரணம், பெரிய நிறுவனங்களின் கணக்குவேலைகள் பல இன்று ஆளில்லாமலே குறித்த வேளையில் நடைபெறுவதுதான். அவற்றை நடத்துவது அப்ளிகேஷன் சர்வர். தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். கிராணி செக்ரோலில் பெயர் குறிப்பார். இன்னாருக்கு இன்ன நிரை என்று பிரித்தனுப்புவார்கள். பால்மரம் வெட்டுகிறவர் மணி அடிக்க வேண்டியதில்லை. அதுபோல நிரலர் வேலையை மட்டும் எழுதுகிறார்; மணி அடிப்பதும் ஆள் பிரிப்பதும் சர்வரின் பொறுப்பு.

ஜாவாவை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் வெளியிட்டது. நிறுவனங்களுக்குரிய பதிப்பு 1999இல் வந்தது. காலக்கட்டளை அமைக்கும் வசதி 2003இல் சேர்ந்து, 2009இல் ஒரே வரியில் எழுதுமளவுக்கு எளிமையாயிற்று. நிறுவனப் பதிப்பு எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கைக்கு மாறியபோது ஜாவா என்னும் பெயரைத் தொடர இயலாமற்போக, 2018இல் ‘ஜகார்த்தா’ என்று பெயரிட்டனர். மணிமேகலையிற் சாவகத்தைக் கண்ட தமிழாசிரியர்க்கு இப்பெயர்கள் அந்நியமாகத் தோன்றா.

ஆசிரியர் கூட்டுறவுச் சங்கமொன்று, மாதக் கடைசி நாள் இரவு 11 மணிக்கு உறுப்பினரின் கடன் தவணையைக் கழிக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். கட்டளையில் வினாடி, நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை, ஆண்டு என்று ஏழு கட்டங்கள் உண்டு. தேதிக் கட்டத்தில் ‘கடைசி’ என்று பொருள்படும் சொல்லையே எழுதலாம். பிப்ரவரிக்குத் தனிக் கணக்கு வேண்டா. ஆனால் வெறுமையாக விட்ட மணிக் கட்டத்தைச் சர்வர் ‘எல்லா மணியும்’ என்று கொள்ளாது. சுழியம் என்றே கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை என்று மட்டும் எழுதினால், வேலை நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிநேரம் நடந்து நின்றுவிடும்.

இதனினும் பெரிய இடர் நேர வலயம். அதற்குத் தனிக் கட்டம் இருக்கின்றது. எழுதாமல் விட்டால் சர்வர் இருக்கும் பொறியின் நேரமே செல்லும். வாடகைக்குக் கிடைக்கும் பொறிகள் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொதுநேரத்தில் ஓடுபவை. அங்கே இரவு 11 என்றால் நமக்கு மறுநாள் காலை 7. மறுநாளோ அடுத்த மாதத்தின் முதல் தேதி! தவணை தவறியதாக ஏடு காட்டும்; உறுப்பினர்மேல் அபராதமும் விழும்.

அடுத்தது, மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது. நிலைத்த கட்டளையாக அமைத்திருந்தால், சர்வர் மீண்டும் எழுந்தவுடன் தவறிய வேலையை ஒரு முறையேனும் நடத்தும். நிலையாக் கட்டளையானால் போனது போனதுதான். வைல்ட்ஃபிளை என்னும் சர்வர் இக்கட்டளைகளைத் தன் கோப்பில் வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு சர்வர் உள்ளவரை அது போதும். இரண்டு சர்வர்களை நிறுத்தினால் ஒவ்வொன்றும் தன் கோப்பைப் பார்த்துத் தானே கழிக்கும். உறுப்பினரிடம் இருமுறை பணம் பிடிக்கப்படும். கோப்பை விட்டுப் பொதுவான தரவுத்தளத்தில் கட்டளைகளை வைத்து, இரண்டுக்கும் ஒரே பிரிவுப் பெயர் கொடுத்தால், முந்திய சர்வர் எடுத்த வேலையை மற்றது தொடாது.

அப்போதும் முழு நிம்மதி இல்லை. வேலை நடுவில் முறிந்தால் மீண்டும் ஒரு முறையேனும் முயல வேண்டுமென்பது சர்வருக்குள்ள விதி. ஆதலால் உறுப்பினர் எண், மாதம் இரண்டும் சேர்ந்த பதிவு ஏட்டில் ஒன்றே இருக்கலாம் என்று தரவுத்தளத்திலேயே தடை போட்டுவிட வேண்டும். சில சங்கங்கள் இதனை வீண் செலவென்று கருதுகின்றன. என் கருத்தில் மற்றெல்லாவற்றினும் இதற்கே முதலிடம்.

எல்லாம் அமைத்தபின், அடுத்த முறை எப்போது ஓடும் என்று சர்வரையே கேட்கலாம். பொறி யூடிசியில் ஓடுவதாயின், 15.00 என்று விடை வந்தால் நமக்கு இரவு 11, அமைப்புச் சரி. 23.00 என்று வந்தால் நேர வலயத்தை எழுத மறந்திருக்கிறார்கள்.