லேபிள் இல்லாத சிவப்பு

பாட்டிலில் லேபிள் கிடையாது. முன்பு அதில் பழரசம் இருந்திருக்கலாம், வேறு ஏதாவதும் இருந்திருக்கலாம். டிசம்பர் கடைசி வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குப் போகும் விருந்தாளிக்கு, பிளம் கேக் துண்டோடு சின்னக் கண்ணாடி தம்ளரில் நீட்டப்படுவது அதிலிருந்துதான். நாசிக் ஒயின் பழகிய நாக்குக்கு முதல் மடக்கு பெரும்பாலும் ஏமாற்றம்: சர்க்கரைப் பாகு. ஆனால் எங்கோ ஒரு வீட்டில் தம்ளரை மூக்கருகே கொண்டுபோகும்போதே பன்னீர் மணக்கிறது. இனிப்பு அடங்கி, லேசான துவர்ப்பு நாக்கில் நிற்கிறது. தயாரிப்பாளர் யார் என்று கேட்டால், சமையலறையைக் காட்டுகிறார்கள்.

செய்முறையில் ரகசியம் எதுவும் இல்லை. கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் ஏறக்குறைய சம எடை. கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு. பீங்கான் பரணியில் 21 நாள், தினம் ஒருமுறை மரக் கரண்டியால் கிளறல். பிறகு வடிகட்டி, தெளிவதற்காக மறுபடி காத்திருப்பு. நிறம் போதாது என்று சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பவர்களும் உண்டு. (அது ஏமாற்று வேலை என்று சொல்லும் பாட்டிகளும் உண்டு.) வித்தியாசம் பொறுமையில்தான். சர்க்கரையைக் குறைத்து, காற்றுப் புகாமல் மூடி, கிறிஸ்துமஸ் அவசரத்துக்கு வடிக்காமல் மாதக்கணக்கில் விடுகிறவர்களின் பரணிதான் ஜெயிக்கிறது. காற்று புகுந்தால் மிஞ்சுவது வினிகர்.

திராட்சையில் பெரும்பங்கு மலைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று உலகம் அழைக்கும் இந்த ரகம் தமிழ்நாட்டில் பன்னீர் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடும் பெற்றது. 1895ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் நீர்தான் அந்தப் பள்ளத்தாக்கின் உயிர். கேரளத்து மலைகளில் பெய்த மழை தேனி மாவட்டத்தில் திராட்சையாகி, திருவனந்தபுரத்தில் ஒயினாகிறது.

சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. கொல்லம் ஆண்டு 1077ல் பிறந்த அப்காரிச் சட்டப்படி, அனுமதியின்றி மது தயாரித்தால் பத்தாண்டு வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம். 2019 டிசம்பரில் கலால் துறை வீட்டு ஒயினும் இதில் அடங்கும் என்று சுற்றறிக்கை விட்டது. அதே மாதம் தலைநகரின் வேளிப் பகுதியில் ஒரு வீட்டில் சோதனையும் நடந்தது. தலைமுறை தலைமுறையாகப் பரணி கிளறியவர்களுக்கு, தாங்கள் ஜாமீனில் வர முடியாத குற்றம் செய்வதாக அப்போதுதான் தெரிந்தது.

2022ல் அரசு ஒரு கதவைத் திறந்தது. பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் தரும் விதிகள் வந்தன. கேரள வேளாண் பல்கலைக்கழகமே அன்னாசி, வாழை, முந்திரிப் பழங்களிலிருந்து 'நிளா' என்ற ஒயினை உருவாக்கியிருக்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் அந்த விதிகளின் தலைப்பிலேயே 'கேரள விளைபொருட்கள்' என்று இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீரில் விளைந்தாலும் கம்பம் திராட்சை கேரளத்து விளைபொருள் அல்லவே! தவிர, உரிமம் என்பது ஆலைக்கு. வருஷத்துக்கு ஒரு பரணி போடுகிற வீட்டுக்காரம்மாளுக்கு அல்ல.

ஆகவே பாட்டிலில் இன்னமும் லேபிள் இல்லை. நவம்பர் பிறந்ததும் சாலைக் கடைத்தெருவில் கறுப்புத் திராட்சை கிலோ கிலோவாக விற்கிறது. எதற்கு இவ்வளவு என்று கடைக்காரர் கேட்பதில்லை.