காயம்பட்ட கைக்கு மருத்துவர் யார்?

ஆலையில் வேலை செய்யும்போது தொழிலாளி ஒருவருக்குக் கை முறிந்துவிட்டால், நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்போர் பலர். ஆனால் அதற்கு முன்பே எழவேண்டிய வினா ஒன்று உண்டு. அந்தக் கையை எந்த டாக்டரிடம் காட்டுவது? அதை முடிவு செய்பவர் யார்? முதலாளியா, அரசாங்கமா, அல்லது காயம்பட்டவரேதானா? இதனை அறியாமையால், வரவேண்டிய தொகையை இழந்தவர்களும் உண்டு. கையையே இழந்தவர்களும் உண்டு. ஆதலின் மாணவர்கள் இதைத் தெளிவாக அறிந்து வைத்திருப்பது நன்று.

சேலம் மாவட்டத்து மேச்சேரியை எடுத்துக்கொள்வோம். பத்திரகாளியம்மன் கோயிலாலும், தன் பெயரைத் தாங்கிய செம்மறி ஆட்டினத்தாலும் பெயர் பெற்ற ஊர் அது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு அந்த வட்டாரத்தில் ரசாயனத் தொழிலும் அலுமினியத் தொழிலும் எழுந்தன. பின்னர் அனல் மின் நிலையமும், மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் உருக்காலையும் வந்தன. மற்றொரு பக்கம், சுற்று வட்டாரத்து ஊர்களில் வீட்டை ஒட்டிய கொட்டகைகளிலே விசைத்தறிகள் ஓடுகின்றன. பெரிய ஆலையும் சிறு கூடமும் இவ்வாறு அருகருகே இருப்பதால், சட்டம் வகுத்த இரு வழிகளையும் இந்த ஒரு வட்டாரத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

முதலில் பெரிய ஆலையின் வழி. 1948ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டம் இயற்றப்பெற்றது. இன்று நாம் ஈ.எஸ்.ஐ. என்று வழங்குவது அதுவே. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இத்திட்டம் 1955இல் கோயம்புத்தூருக்கு வந்து, பின்னர் தமிழ்நாடெங்கும் பரவியது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் சேர்க்கப்படுகின்றனர். முதலாளி ஊதியத்தில் 3.25 விழுக்காடும், தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். இத்திட்டத்தில் சிகிச்சையை நடத்துவது முதலாளி அல்லர். இன்ஷூரன்ஸ் திட்டத்தின் மருந்தகமும் ஆஸ்பத்திரியுமே. சேலத்திலும் அத்தகைய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. வேலைக்குப் போக இயலாத நாட்களுக்குக் கூலியில் சுமார் 90 விழுக்காடு கிடைக்கிறது. அதற்கு அடிப்படை அந்த டாக்டர் தரும் சான்றிதழே. உதவித் தொகை பெறும் காலத்தில், திட்டத்தின் சிகிச்சையிலேயே தொழிலாளி இருக்கவேண்டும். டாக்டரின் சொற்படி நடக்கவேண்டும். அனுமதியின்றிச் சிகிச்சை நடைபெறும் பகுதியை விட்டுப் போகலாகாது. பயன் பெரிது, அதற்கேற்பக் கட்டுப்பாடும் உண்டு.

இனிச் சிறு கூடத்தின் வழி. எட்டுப் பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு விசைத்தறிக் கூடத்தில், தறியின் பற்சக்கரத்தில் சிக்கி ஒருவருடைய கட்டை விரல் நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஈ.எஸ்.ஐ. இல்லை. ஆயினும் அவர் நிராதரவானவர் அல்லர். 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இத்தகையவர்களுக்கே துணை நின்றது. 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தையும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. நாம் இங்கே பேசும் பொருளைப் பொறுத்தவரையில், பழைய சட்டத்தின் நெறியே புதியதிலும் தொடர்கிறது.

அந்த நெறியை விளங்கிக்கொள்ள, மூன்று செயல்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கவேண்டும். சோதித்துப் பார்ப்பது ஒன்று. சிகிச்சை செய்வது மற்றொன்று. இழப்பை அளப்பது வேறொன்று. இம்மூன்றும் ஒருவரிடமே இருப்பதாக எண்ணுவதுதான் குழப்பத்திற்கெல்லாம் காரணம்.

சோதித்துப் பார்க்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. விபத்து பற்றிய அறிவிப்புக் கிடைத்த மூன்று நாட்களுக்குள், தம் செலவில் ஒரு டாக்டரைக் கொண்டு தொழிலாளியைச் சோதிக்க அவர் முன்வரலாம். தொழிலாளி அதற்கு உடன்படவேண்டும். மறுத்தால், மறுக்கும் காலமெல்லாம் நஷ்டஈட்டு உரிமை நிறுத்தி வைக்கப்படும். சோதனைக்கு உட்படாமல் தாமாக ஊரை விட்டுப் போய்விட்டாலும், திரும்பி வந்து உடன்படும் வரை அதே நிலைதான்.

சிகிச்சையோ வேறு. முதலாளி இலவசமாக அளிக்கும் டாக்டரைத் தொழிலாளி ஏற்கலாம். ஏற்காமல் வேறொரு தகுதி பெற்ற டாக்டரிடமும் போகலாம். அவ்வாறு போவதனால் மட்டும் நஷ்டஈடு குறையாது. முதலாளியின் டாக்டரையும் தக்க காரணமின்றி மறுத்து, வேறு தகுதியுள்ள டாக்டரிடமும் ஒழுங்காகக் காட்டாமல் விட்டு, அதனால் காயம் முற்றியது என்று மெய்ப்பிக்கப்பட்டால்தான் ஆபத்து. அப்போது, முறையாகக் கவனித்திருந்தால் காயம் எந்த அளவில் நின்றிருக்குமோ, அந்த அளவுக்கே தொகை கிடைக்கும்.

தகுதி பெற்ற டாக்டர் என்றால், சட்டப்படி வைக்கப்பட்ட பதிவேட்டில் பெயருள்ளவர் என்று பொருள். நம் ஊர்ப்புறங்களில் எலும்பு முறிந்தால் கட்டுப் போடும் வைத்தியரை நாடும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அவர் கைராசி எப்படியாயினும், பதிவேட்டில் அவர் பெயர் இல்லையெனில், சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளி எந்த டாக்டரிடமும் காட்டவில்லை என்றே படும். மேச்சேரியில் விரல் நசுங்கியவர் முதல் நாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், விபத்து நிகழ்ந்த இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்யச் சொல்லிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வாரானால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்தது எனலாம்.

சிகிச்சைச் செலவை யார் ஏற்பது? 1924 முதல் ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள், நஷ்டஈட்டுச் சட்டம் அச்செலவை முதலாளியின் கடமை ஆக்கவில்லை. விரும்பிய டாக்டரிடம் போகலாம் என்று சட்டம் சொன்னது. போவதற்குக் கையில் பணம் இல்லாதவர், முதலாளி காட்டிய டாக்டரிடமே போனார். 2009இல் செய்யப்பட்டு 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், மெய்யாகச் செலவான மருத்துவத் தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று விதித்தது. ஏட்டில் இருந்த உரிமை ஏழைக்கும் எட்டியது அன்றுதான். ஆனால் ரசீது இல்லாத செலவை மெய்ப்பிப்பது அரிது என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, இழப்பை அளத்தல். கட்டை விரலை இழந்தால், சம்பாதிக்கும் ஆற்றலில் 30 விழுக்காடு இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையே கூறுகிறது. அட்டவணையில் இல்லாத காயத்திற்குத் தகுதி பெற்ற டாக்டர் மதிப்பிட்டுச் சொல்வார். எனினும் அவர் சொல் முடிந்த முடிபு அன்று. பிணக்கு எழுந்தால் தீர்ப்பது அதற்கென நியமிக்கப்பட்ட அரசு அதிகாரி. ஈ.எஸ்.ஐ.யில் நிரந்தர ஊனத்தை மருத்துவக் குழு அளக்கிறது. அதன்மேல் முறையிடவும் வழி உண்டு. ஒரிசாவில் தச்சர் ஒருவர், வேலையின்போது விழுந்து இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தார். அவருக்கு முழு இழப்பு இல்லை என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆதலின் இது முழு இழப்பே என்று 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கை இழந்ததை டாக்டர் அளக்கிறார். பிழைப்பு இழந்ததைச் சட்டம் அளக்கிறது.

பிற நாடுகளிலும் இவ்வினா எளிதில் தீர்ந்ததன்று. 1884இல் விபத்து இன்ஷூரன்ஸை ஏற்படுத்திய ஜெர்மனியில், சிகிச்சையை இன்ஷூரன்ஸ் சங்கங்களே நெறிப்படுத்துகின்றன. அமெரிக்காவில் சில மாநிலங்கள் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை முதலாளிக்கும், சில மாநிலங்கள் தொழிலாளிக்கும் அளித்துள்ளன. பணம் கொடுப்பவர் செலவைக் கட்டுப்படுத்த விரும்புகிறார். வலியைத் தாங்குபவர் தாம் நம்பும் டாக்டரை விரும்புகிறார். இரண்டும் இயல்பே.

நம் சட்டம் இவ்விருவருக்கும் இடையே ஒரு கோடு கிழித்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதன் மருந்தகத்தை விட்டு விலகாதிருக்க வேண்டும். அதில் இல்லாதவர், முதலாளியின் டாக்டர் சோதிக்க வந்தால் கையை நீட்டலாம். குணப்படுத்தத் தாம் நம்பும் டாக்டரை நாடலாம். எக்காரணத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் மட்டும் இருத்தலாகாது. இதைப் படிக்கும் மாணவர்களுள் பலருடைய தந்தையோ, தாயோ, அண்ணனோ தறியிலோ ஆலையிலோ உழைப்பவராக இருக்கலாம். இன்றிரவு உணவு வேளையில் இதனை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். விபத்து நேர்ந்தபின் சொல்வதைக் காட்டிலும் அது பன்மடங்கு பயன் தரும்.